டார்க் ரெஞ்ச் வாங்கிய பிறகு: ஸ்டுட்கார்ட்டில் ஐந்து வருட பைக் ரிப்பேர் அனுபவம்

முதலில் நான் கெடுத்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆயில் டிரெயின் போல்ட். 2020 கோடையில் வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய ஆயிலை இறக்கிவிட்டு போல்ட்டைத் திரும்பப் போட்டேன். ஊரில் பட்டறைப் பையன்கள் கடைசியாக "ம்ம்" என்று ஒரு இழு இழுப்பார்களே, அந்த ஞாபகத்தில் நானும் ஒரு "ம்ம்" போட்டேன். இறுகிக்கொண்டே வந்த ஸ்பேனர் சட்டென்று லேசாகிவிட்டது. அந்த லேசு இருக்கிறதே, வயிற்றில் புளியைக் கரைக்கும். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளை வெளேரென்று அலுமினியச் சுருள், தேங்காய்த் துருவல் மாதிரி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. எஞ்சின் பக்கத்து மரை மொத்தமாகப் போச்சு.

மேனுவலில் அந்த போல்ட்டுக்கு 21 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தது. நான் அதைப் படிக்காமல் இல்லை, ஆனால் 21 என்றால் எவ்வளவு என்று என் கைக்குத் தெரியாது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: ஒரு சாண் நீள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு, அவ்வளவுதான். நான் போட்டது எப்படியும் அதில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை உள்ளே வைத்துப் புது மரை போட 90 யூரோ ஆனது. மறுநாளே போய் டார்க் ரெஞ்ச் வாங்கினேன், முறுக்கு அளவை வைத்துவிட்டால் அது வந்ததும் "டிக்" என்று சொல்லும் ஸ்பேனர். என் ரிப்பேர் படிப்பு அன்றைக்குத்தான் ஆரம்பம்.

வண்டியைப் பற்றி: ஜப்பான் தயாரிப்பு, 650 சிசி வி-ட்வின் (முன்னும் பின்னுமாக இரண்டு சிலிண்டர்), 2004 மாடல், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். வாங்கும்போது 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, விலை 2,100 யூரோ. இப்போது 69,000-ஐத் தொட்டுவிட்டது. இந்த 31,000 கிலோமீட்டரில் வண்டி பட்டறைக்குப் போனது மூன்று தடவை. மற்றதெல்லாம் என் கை.

ஏன் இந்த வம்பு என்று கேட்டால், ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. ஈரோட்டில் வளர்ந்தவன் நான். வண்டியை மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் கிளட்ச் ஒயர் மாற்றியிருப்பார்கள். இங்கே ஏப்ரலில் போன் செய்தால் மே கடைசியில் நேரம் கொடுக்கிறார்கள், ஏனென்றால் குளிர்காலம் முழுக்க மூடிவைத்த வண்டியை ஊரே ஒரே நேரத்தில் வெளியே எடுக்கும். மணிக்கூலி வேறு நூறு யூரோவை ஒட்டி. அவர்களைக் குறை சொல்லவில்லை, மூன்று வருடத்துக்கு மேல் முறையாகத் தொழில் படித்து வந்தவர்கள், வாங்கும் காசுக்கு வேலை இருக்கும். எனக்குத்தான் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் அந்தக் காசு கட்டுபடியாகவில்லை.

சரி, நாமே செய்யலாம் என்றால் எங்கே செய்வது? நான் இருப்பது வாடகை வீடு. கீழே அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் ஆயில் மாற்றக் கூடாது, முற்றத்தில் வண்டி கழுவக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. இந்த ஸ்வாபியப் பகுதியில் கேர்வோஹே என்று ஒரு வழக்கம் உண்டு, வாரத்துக்கு ஒரு வீட்டுக்காரர் முறைவைத்து மாடிப்படி, வாசல் எல்லாம் பெருக்கித் துடைக்க வேண்டும். மேல்வீட்டு அம்மாவின் முறை வந்த வாரத்தில் வாசலில் என் செயின் லூப்ரிகண்ட் மூன்று சொட்டு விழுந்துவிட்டது. அந்த மூன்று சொட்டைப் பற்றி இன்னமும் பேச்சு இருக்கிறது.

இதற்கு ஜெர்மனியில் அருமையான ஒரு வழி இருக்கிறது: மீட்வெர்க்‌ஷ்டாட், வாடகைப் பட்டறை. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் லிஃப்ட், வெளிச்சம், வேலை மேசை எல்லாம் நம்முடையது. நான் போகும் இடத்தில் மணிக்கு 15 யூரோ. பழைய ஆயிலை அங்கேயே ஊற்றிவிடலாம். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே எஞ்சின் ஆயில் விற்கிற கடைக்காரர் அதே அளவு பழைய ஆயிலைக் காசில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பில்லை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆபீஸில் இரண்டு வருடம் பழகினாலும் மரியாதைப் பன்மையை விடாதவர்கள், இந்தப் பட்டறைக்குள் வந்தால் முதல் நிமிடமே "நீ, வா, பிடி" என்று இறங்கிவிடுவார்கள். அங்கே வழக்கமாக வரும் ரிட்டயர்டு தாத்தா ஒருவர் என் டிரெயின் போல்ட் கதையைக் கேட்டுவிட்டு, "நாஹ் ஃபெஸ்ட் கொம்ட் அப்" என்றார். இறுக்கத்துக்கு அடுத்தது கையோடு வருவதுதான் என்று அர்த்தம். இந்த ஊர் மெக்கானிக்குகளின் பழமொழியாம்.

மொழியும் பாதி அங்கேதான் வந்தது. வகுப்பில் "முட்டர்" என்றால் அம்மா என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாகக் கடைக்குப் போனால் நட்டுக்கும் அதே சொல்தான். பின் சக்கரத்து ஆக்ஸில் நட்டு வேண்டும் என்று கேட்கப் போய், "பின்சக்கரத்து அம்மா தொலைந்துவிட்டாள்" என்று நானே மனசுக்குள் மொழிபெயர்த்துச் சிரித்து, கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கருவிகள் விஷயத்தில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. 150 துண்டு, 200 துண்டு என்று பெட்டியில் வருகிற செட்டை வாங்காதீர்கள். அதில் நான் தொட்டது இருபதுகூட இருக்காது. டார்க் ரெஞ்ச் இரண்டு வேண்டும், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் ஒன்று, 20 முதல் 110 வரைக்கும் ஒன்று. பெரியதை வைத்துச் சின்ன போல்ட்டை இறுக்கினால் "டிக்" சத்தம் வருவதற்குள் கதை முடிந்திருக்கும். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வையுங்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் அழுந்திக்கொண்டே இருக்கக் கூடாது.

அடுத்தது ஸ்டார் ஸ்க்ரூ. ஜப்பான் வண்டிகளில், அதுவும் என்னுடையதைப் போன்ற பழைய வண்டிகளில் இருப்பது பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரம். பிலிப்ஸ் திருப்புளியை வைத்தால் நன்றாக உட்கார்ந்த மாதிரியே தோன்றும், அழுத்தித் திருப்பினதும் மேலேறி வழுக்கி, ஸ்க்ரூ தலையை மொட்டையாக்கிவிடும். முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், பதினாறு வருடத்துத் துருவோடு. ஒன்றை மொட்டையடித்துவிட்டு, டிரில் வைத்துத் தலையை எடுத்தேன். 12 யூரோவுக்கு ஒரு ஜேஐஎஸ் திருப்புளி வாங்கி, அதை ஸ்க்ரூவில் வைத்துச் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு தட்டினேன், இன்னொன்று பேசாமல் கழன்று வந்தது. ஊரில் மெக்கானிக்குகள் திருப்புளியின் பின்னால் தட்டிவிட்டுத் திருப்புவதைச் சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருப்பேன், துருவின் பிடி தளரத்தான் என்ற காரணம் இப்போதுதான் தெரிந்தது.

இந்த ஐந்து வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ரிப்பேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2021 செப்டம்பர், ஷ்வார்ட்ஸ்வால்ட் காட்டுக்குள் பி500 சாலை, பாடன் பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் பக்கமாகப் போகிறேன். சரியான மழை. முமல்ஸே ஏரியை நெருங்கும்போது வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்து, அப்புறம் மொத்தமாக ஒரு சிலிண்டர் படுத்துவிட்டது. ஒற்றைக் காலில் நொண்டுகிற மாதிரி டொக் டொக் என்று வருகிறது. இதே கோளாறு அந்த வருடம் வசந்தத்திலும் ஒரு தடவை வந்தது, அப்போது ஒரு பட்டறையில் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்ற வேண்டும், 240 யூரோ ஆகும் என்றார்கள். வெயில் அடித்ததும் தானாகச் சரியாகிவிட்டதால் நான் மாற்றவில்லை.

ஏரிக்கரை பார்க்கிங்கில் ஒதுங்கி, ஈரோட்டு மெக்கானிக் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அடித்தேன். இங்கே மாலை நான்கு, அங்கே ஏழரை, கடையை அடைத்துக்கொண்டிருந்தார். போனை எஞ்சின் பக்கத்தில் பிடித்துச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

"கார்ப்பரேட்டர்ல தண்ணி எறங்கியிருக்குமுங்க தம்பி."

"இதுல கார்ப்பரேட்டரே இல்லீங்கண்ணா. இன்ஜெக்‌ஷன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்படீங்களா. சரி, ரெண்டு சைலன்ஸர் பைப்பு மேலயும் தண்ணி தெளிச்சுப் பாருங்க. எது சுர்ருங்கலையோ அந்த சிலிண்டர் அடிக்கல."

பாட்டில் தண்ணீரை மூடியில் ஊற்றித் தெளித்தேன். பின் சிலிண்டர் பைப்பில் சுர்ர் என்று ஆவி பறந்தது. முன் சிலிண்டர் பைப்பில் தண்ணீர் பேசாமல் வழிந்தது, கையை வைத்தால் டீ டம்ளர் சூடுகூட இல்லை. கோளாறு எந்தப் பக்கம் என்று பத்து நொடியில் தெரிந்துவிட்டது, ஏன் என்று அப்போது தெரியவில்லை. முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன், மழையும் விட்டது, முன் சிலிண்டருக்கு உயிர் வந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வாடகைப் பட்டறையில் ரேடியேட்டர் போல்ட்டைக் கழற்றி முன்பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்தேன். முன் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, முன் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் நேராக அதற்குள்தான் போகும். பிளக் கேப்பை இழுத்தால் "பக்" என்று வந்தது, குழியில் பழுப்புத் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீர் வடிய சிலிண்டர் பக்கவாட்டில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள், பேனா ரீஃபில் பருமன்கூட இருக்காது. அது சேற்றாலும் செத்த பூச்சிகளாலும் அடைத்துக் கிடந்தது. கம்பியை விட்டுக் குத்தினேன், பொலபொலவென்று கொட்டியது. கேப்புக்குள் சிலிகான் கிரீஸ் தடவி மாட்டினேன். செலவு 8 யூரோ, அந்த கிரீஸ் டியூப் இன்னும் பாதி இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனையோ மழை, ஒரு தடவைகூட மிஸ் அடிக்கவில்லை. அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன், கட்டைவிரல் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

செயின், ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) மாற்றியதைச் சுருக்கமாகச் சொன்னால்: பாகம் 150 யூரோ, செயினை இணைக்க மலிவு ரிவெட் கருவி வாங்கியதில் அதன் ஊசி முறிந்தது, நல்லது ஒன்று இரவல் வாங்கி முடித்தேன். செயினில் எப்போதும் ஒரு இடம் மற்றதைவிட இறுக்கமாக இருக்கும், சக்கரத்தைச் சுற்றி அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் தளர்ச்சியை அளக்க வேண்டும். என் வண்டிக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர்.

2022-ல் ஒரு அவமானம். இங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வண்டிக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. அதற்கு முந்தின வாரம்தான் பிரேக் ஆயிலை மாற்றி, ஏர் எடுத்து, நானே மெச்சிக்கொண்டிருந்தேன். டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், என் வண்டியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சோதனை செய்தவர் பின் பிரேக்கை மிதித்தார், விளக்கு எரிந்தது. முன் லிவரைப் பிடித்தார், எரியவில்லை. மறுபடியும் பிடித்தார். "நீங்களே வேலை பார்த்தீர்களா?" என்றார். லிவருக்கு அடியில் சுவிட்ச் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது, நான் மாட்ட மறந்தது. அவர் முன்னாலேயே செருகினேன். சிரித்துவிட்டுப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார். அன்றிலிருந்து கழற்றுகிற ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறேன், மாட்டியதும் நெய்ல் பாலிஷால் போல்ட் தலையில் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட் முடிக்காத போல்ட். பாலிஷ் மனைவியுடையது, சிவப்பு.

காசுக் கணக்கு கேட்பீர்கள். பட்டறைக்குக் கொடுத்திருக்க வேண்டிய கூலி ஏறக்குறைய 2,400 யூரோ. கருவிகளுக்கு 690, வாடகைப் பட்டறைக்கு 600, ஹெலிகாயிலுக்கு 90. மிச்சம் 1,020. ஐந்து வருடத்துக்கு வகுத்தால் மாதம் 17 யூரோ. முதல் இரண்டு வருடம் நஷ்டம்தான். காசை மட்டும் நினைத்து இறங்குவதானால் வேண்டாம்.

எதைத் தொடுவதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். டயரை ரிம்மில் ஏற்றுவது இல்லை, சக்கரத்தைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடுவேன், பேலன்ஸ் செய்து தருவார்கள். வால்வ் கிளியரன்ஸும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது) இல்லை. ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்றுகிற வேலை, கேம் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், டைமிங் தவறினால் எஞ்சினே போய்விடலாம். என்னால் முடியாது என்று இல்லை, அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

என் நம்பர் பிளேட் சீசன் பிளேட், மார்ச் முதல் அக்டோபர் வரைக்கும்தான் வண்டி ரோட்டில் இருக்கலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடது பக்கத்தில் ஆயில் சீல் கசிய ஆரம்பித்திருக்கிறது, கம்பியில் விரலை வைத்தால் வளையமாக ஒட்டுகிறது. இரண்டு பக்கத்துக்கும் சீல் வாங்கிவிட்டேன், ஃபோர்க் ஆயிலும் வந்துவிட்டது. அக்டோபர் கடைசி சனிக்கிழமைக்கு லிஃப்ட் புக் செய்தாயிற்று, தாத்தாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் அந்தப் பெட்டி ஃப்ரிட்ஜ் மேலே, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்.