தைராய்டு மாத்திரை போட்டுக்கிட்டு எடை குறைக்க எது சரிவரும்? பேலியோ, 16 மணி நேர பட்டினி, சாதாரண சாப்பாடு

டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) 14னு ரிப்போர்ட் வந்தப்போ நான் 76 கிலோ. தைராக்ஸின்ங்கிற தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல மூணு கிலோ இறங்குச்சு, மூஞ்சி வீக்கம் வடிஞ்சு மோதிரம் லூஸாச்சு, அதோட நின்னுபோச்சு. தைராய்டால மட்டும் ஏறுற எடை பெரும்பாலும் உப்பும் தண்ணியும்தான், 2லேர்ந்து 5 கிலோ இருக்கும், மாத்திரை அதைத்தான் இறக்கும். மீதிக்கு நாமளா டோஸை ஏத்திக்கிட்டா நெஞ்சு படபடப்பும் எலும்பு தேய்மானமும்தான் வரும், தயவுசெஞ்சு யாரும் அப்படி செய்யாதீங்க.

முதல்ல பேலியோ, அதாவது அரிசி, கோதுமை மாதிரி மாவுச்சத்தை நிறுத்திட்டு கொழுப்பும் புரதமும் சாப்பிடுற முறைக்கு போனேன். முதல் வாரமே ரெண்டரை கிலோ குறைஞ்சதும் ஒரே சந்தோஷம், ஆனா மாவுச்சத்தை நிறுத்தினா மொதல்ல வெளியேறுறது தண்ணிதான். பசி அடங்குறதுல இதுக்கு ஈடு கிடையாது, அதை ஒத்துக்கணும். சிக்கல் காலையிலதான். மாத்திரை போட்ட பத்தாவது நிமிஷம் பட்டர் டீ, கையோட ஒரு கிண்ணம் பாதாம், மாத்திரை எங்க ஒழுங்கா உடம்புல சேரும்? அடுத்த டெஸ்ட்ல குறைஞ்சிருந்த டிஎஸ்ஹெச் மறுபடி 7க்கு ஏறியிருந்துச்சு. வீட்ல எல்லாருக்கும் சாம்பார் சாதம், எனக்கு மட்டும் தனி அடுப்புன்னு மூணு மாசத்துக்கு மேல ஓட்ட முடியல.

பட்டினி முறை மாத்திரைக்கு ரொம்ப தோதானது, இதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. காலைல 6 மணிக்கு வெறும் தண்ணில மாத்திரை, மதியம் 12 மணி வரைக்கும் வேற எதுவும் இல்ல, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல இடைவெளி விடணுமேங்குற கவலையே கிடையாது. எனக்கு ஒத்துவராததுக்கு காரணம் சாயங்காலம், ஆபீஸ் விட்டு வந்ததும் கை தானா முறுக்கு டப்பாவுக்கு போகும். சாப்பாட்டை ரொம்ப நாள் கடுமையா குறைச்சா டி4-ஐ (மாத்திரைல இருக்குற ஹார்மோன்) டி3யா (உடம்பு பயன்படுத்துற வடிவம்) மாத்துற வேலையையும் உடம்பு குறைச்சுக்கும், அதனால இதை செய்றவங்க சாப்பிடுற நேரத்துல வயிறார சாப்பிடணும். சுகர் மாத்திரை போடுறவங்க டாக்டரை கேக்காம இதுல இறங்கவே கூடாது.

மூணாவது, சாதாரண சாப்பாடுதான் எனக்கு நிலைச்சுது. மாத்திரை 5.30க்கு, காபி 6.30க்கு. மூணு கரண்டி சாதம் ஒன்றரையாச்சு, அந்த இடத்துல கூட்டும் பொரியலும், தினம் ரெண்டு முட்டை இல்லன்னா ஒரு கப் சுண்டல். முட்டைகோஸ் தைராய்டுக்கு ஆகாதுன்னு சொல்வாங்க, ஆனா நல்லா வேகவெச்சு அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, அதுக்கு பயந்து காயை ஒதுக்காதீங்க. வெறும் நடைல முள்ளு அசையல, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டை கையில பிடிச்சுக்கிட்டு வாரம் மூணு நாள் உக்காந்து எந்திரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் ஜாக்கெட் தளர்ந்துச்சு. மாசம் ஒரு கிலோதான், சில மாசம் அதுவும் இல்ல, இப்போ 66.

எந்த வழில போனாலும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் தைராக்ஸினுக்கும் நடுவுல 4 மணி நேரம் விடுங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் (ஒரு வைட்டமின்) போடுறீங்கன்னா ரத்தம் குடுக்க ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, அது டெஸ்ட் ரிசல்ட்டையே தப்பா காட்டும், அதை நம்பி டோஸ் மாத்திட்டா எல்லாம் குளறுபடி ஆயிடும்.