கணினி விசிறிச் சத்தத்தைக் குறைக்கக் கடையில் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். புகார் மனு போட்டிருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை.

எங்கள் வீடு தோட்டத்துச் செம்மண் சாலையோரம். செம்பனை லோரிகள் ஓடி ஓடி, வீட்டில் எதைத் தொட்டாலும் தூசு. மேசைக் கணினியின் விசிறி இரைகிற இரைச்சலில், எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்) படிக்கும் மகளுக்கு இணைய வகுப்பில் ஆசிரியர் பேசுவதே காதில் விழவில்லை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். “ரெண்டு விசிறியும் போச்சுக்கா, புதுசு மாத்தணும், 180 வெள்ளி” என்றார். கேட்டதைக் கொடுத்தேன். திரும்பி வந்த கணினியில் சத்தமே இல்லை.

ஆனால் வகுப்பு நடுவில் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. ஈப்போவில் கணினி வேலை பார்க்கும் அண்ணன் மகன் வந்திருந்தபோது பக்க மூடியைக் கழற்றினான். “அத்தை, இங்க பாருங்க” என்று காட்டினான். பின்பக்க விசிறியின் வயரைப் பிடுங்கி, ரப்பர் பேண்டால் சுருட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். விசிறி புதிதும் இல்லை. இறக்கை ஓரத்தில் பழைய தூசு அப்படியே படிந்திருந்தது, அதன் மேல் யாரோ விரல் வைத்த தடம். கணினியின் மூளையான பிராசசரின் விசிறியும் பழையதுதான். பயோசில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடத்தில், அதன் வேகத்தை ஆகக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அதனடியில், பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி போலத் தூசு. காற்று எங்கே போகும்? சூடு 100 டிகிரி செல்சியசை நெருங்கினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற கணினி என்று சொல்லித்தான் கொடுத்தேன். தெரிந்தே இதைச் செய்திருக்கிறார்கள், மன்னிக்கவே முடியவில்லை.

அண்ணன் மகன் தூரிகையால் தூசைத் தட்டி, பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்ததைத் துடைத்துப் புதிதாகத் தடவி, வயரைத் திரும்பச் செருகினான். அந்தப் பழைய விசிறிகளே இப்போது அமைதியாக ஓடுகின்றன. மாற்ற வேண்டிய அவசியமே இருந்ததில்லை! அச்சு தேய்ந்து கரகரவென்று சத்தம் வந்தால்தான் விசிறியை மாற்ற வேண்டும். மாற்றினாலும் வயரைச் செருகும் முனையில் நான்கு பின் (pin) உள்ளதாகக் கேளுங்கள்; சூட்டுக்கு ஏற்ப மதர்போர்டே அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மூன்று பின் விசிறியைப் போட்டால், சில மதர்போர்டுகளில் அது எந்நேரமும் முழு வேகத்தில் இரையும்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. “நீங்களே திறந்துட்டீங்க, வாரண்டி இல்ல” என்கிறார். ரசீதிலோ வெறும் ‘சர்விஸ்’ என்றுதான் இருக்கிறது. அதனால் பணம் கொடுக்குமுன் பழைய விசிறியைக் கையில் வாங்குங்கள், மூடியைத் திறந்து எல்லா விசிறியும் சுற்றுவதைக் காட்டச் சொல்லுங்கள், மாற்றிய பொருளை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஏமாந்தவர்கள் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்திற்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். இதே டவுனில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால், ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தெரிவியுங்கள்.