ராமேஸ்வரம் வருபவர்களே, ‘ஒரு மணி நேரப் பஞ்சகர்மா’ போர்டைப் பார்த்தால் நிற்காதீர்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஸ்பாவுக்குப் போக நினைப்பவர்கள், முக்கியமாக வயதானவர்களோடு வருபவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீடு ராமநாதபுரத்தில். மதுரையிலிருந்து வந்த என் மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். அக்னி தீர்த்தத்தில் குளித்து, ஈரச் சேலையோடு 22 தீர்த்தமும் ஆடி, பிரகாரம் சுற்றி வருவதற்குள் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்த ஆட்டோக்காரர், “நல்ல கேரளா வைத்தியம் இருக்குக்கா, ஒரு மணி நேரத்துல அம்மா நடந்துருவாங்க” என்று நேராக ஒரு ஸ்பா வாசலில் கொண்டுபோய் இறக்கினார். (அவருக்குக் கமிஷன் உண்டு என்பது பிற்பாடு பில் சண்டையில் அவர்கள் வாயாலேயே வந்தது.)

அங்கே நீட்டிய விலைக் கார்டில் எல்லாமே இருந்தது. அப்யங்கம், சிரோதாரை, பிழிச்சல், இலைக்கிழி, தாய் மசாஜ், ஸ்வீடிஷ், ஹாட் ஸ்டோன், கடைசியில் ‘பஞ்சகர்மா – 60 நிமிடம்’. அந்தக் கடைசி வரி போதும், கடையின் லட்சணம் தெரிய. வமனம், விரேசனம், வஸ்தி, நஸ்யம், ரத்தமோட்சணம் என்ற ஐந்தும் சேர்ந்ததுதான் பஞ்சகர்மா. வாந்தி, பேதி, எனிமா சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கு முன்னால் நெய், எண்ணெய், வேது என்று பல நாள் தயார்படுத்த வேண்டும். பின்னால் பத்தியம் உண்டு. மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே கூடாது.

நாங்கள் கேட்டது இலைக்கிழி மட்டும். நொச்சி, எருக்கு, ஆமணக்கு மாதிரி இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கி, துணியில் கட்டி, சூடு பார்த்து ஒற்றி எடுப்பது அது. எங்கள் ஊர்ப்பக்கம் ரோட்டோரம் எருக்கும் நொச்சியும் சும்மா கிடக்கின்றன. இவர்கள் கொண்டுவந்ததோ, யாருக்கோ ஏற்கெனவே போட்ட பழுப்பேறிய மூட்டை. எண்ணெயில் சிக்கு வாடை. கேட்டதற்கு, “மூலிகை வாசனைக்கா” என்றது கிழி ஒற்ற வந்த பெண். பாவம், அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரியே தெரியவில்லை.

அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவு. சர்க்கரை, பிரஷர், மாத்திரை என்று ஒரு வார்த்தை அங்கே யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதற்கும் தலையை ஆட்டியதோடு சரி. கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் சிவந்ததைப் பார்த்து “சுடுதா அத்தை?” என்று கேட்டேன். “தெரியலயேம்மா” என்றார். உடனே நிறுத்தச் சொன்னேன். அறைக்கு வருவதற்குள் கொப்புளம். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் கொப்புளம் என்றால் என்ன பயம் என்று வீட்டில் ஒருவர் இருந்தால் தெரியும். டாக்டரிடம் காட்டி, கட்டுப் போட்டு, ஆற நாளானது.

அப்புறம் பில். கார்டில் இலைக்கிழி 1,800 ரூபாய். பில்லில் ‘பஞ்சகர்மா பேக்கேஜ்’ 3,500, டாக்டர் ஆலோசனை 500, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4,720. எந்த டாக்டர் என்றால், “காலைல வந்துட்டுப் போயிட்டாரு.” ஸ்பா, சலூன் சேவைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். தவிர, வரி வாங்குகிற பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும்; தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். இதில் எண்ணே இல்லை.

வெறும் அலுப்புக்கு அப்யங்கமோ (உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது) ஸ்வீடிஷ் மசாஜோ போதும். தாய் மசாஜில் எண்ணெய் கிடையாது, உடுப்போடு படுக்கவைத்து இழுத்து வளைப்பார்கள். எலும்பு தேய்ந்தவர்களுக்கு ஆகாது. பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஸ்டீம், சானா பக்கம் போக வேண்டாம். பிழிச்சலுக்கு லிட்டர் கணக்கில் வெதுவெதுப்பான எண்ணெய் வேண்டும், ஊற்றித் தேய்க்க ஆட்களும் வேண்டும். ஒரு கிண்ணத்தோடு ஒரே ஆள் வந்தால் அது பிழிச்சல் இல்லை. மூட்டு வலி என்பது நோய், அதை ஸ்பாவில் தீர்க்க முடியாது. அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பிஎஸ்எம்எஸ் படித்தவரிடமோ, பிஏஎம்எஸ் படித்த ஆயுர்வேத மருத்துவரிடமோ காட்டுங்கள். போர்டில் ‘கேரளா’ என்று இருப்பதை வைத்து நம்பிவிட வேண்டாம். கேரளச் சுற்றுலாத் துறை கொடுத்த கிரீன் லீஃப், ஆலிவ் லீஃப் சான்றெல்லாம் அந்த மாநிலத்து மையங்களுக்குத்தான்.

கடையின் பெயரைப் போடாததற்குக் காரணம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. பில், கொப்புளத்தின் போட்டோ, டாக்டர் சீட்டு மூன்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறோம். பதில் வராவிட்டால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. இந்தப் பக்கம் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.