தீபாவளி விடுமுறையில் அலைனரோடு: சிங்கப்பூரில் கிடைத்த பல் மருத்துவச் சேவை

மெல்பர்னிலோ லண்டனிலோ அலைனர் (மேல், கீழ் வரிசைகளுக்கு ஜோடி ஜோடியாக மாற்றி அணிந்து பற்களைச் சீராக்கும், கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை) சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, இடையில் விடுமுறைக்காகச் சிங்கப்பூர் வரும் நம்மவர்கள், ஊரில் எந்தப் பல் மருந்தகத்திலும் அதைத் தொடர்ந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில் விமானம் ஏற வேண்டாம். மருந்தகங்களுக்குக் குறைவில்லை, ஆனால் இன்னொருவர் வகுத்த சிகிச்சையை நடுவில் ஏற்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனைக் கொண்டு, ஒவ்வொரு ஜோடியும் பல்லை ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் நகர்த்தும் வகையில் முழு வரிசையும் கணினியில் முன்பே திட்டமிடப்படுகிறது; அந்தத் திட்டம் உங்கள் மருத்துவரிடம்தான் இருக்கிறது.

எனக்கு இது தெரியவந்ததற்குக் காரணம் முறுக்கு. தீபாவளியன்று அதைக் கடித்தபோது கோரைப் பல்லில் ஒட்டியிருந்த அட்டாச்மென்ட் உதிர்ந்துவிட்டது. பல்லின் நிறத்திலேயே இருக்கும் அந்தச் சிறு புடைப்பைப் பற்றிக்கொண்டுதான் அலைனர் பல்லைத் திருப்புகிறது என்பதால், மெல்பர்ன் திரும்பும்வரை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு மருந்தகத்தில், முழு வாயையும் மறுபடி ஸ்கேன் செய்து புதிய சிகிச்சையாகவே தொடங்கலாம் என்று கூறி, ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு ஒரு மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். உதிர்ந்தது அரிசி அளவுப் பிசின். அதற்கு இவ்வளவு பெரிய வைத்தியமா என்று வெளியே வந்துவிட்டேன்.

அதன்பின் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில், பற்சீரமைப்புத் துறையில் நிபுணராகப் பதிவு பெற்றவர்களைத் தேடினேன். பொதுப் பல் மருத்துவர்களும் அலைனர் சிகிச்சை அளிப்பதால், யார் நிபுணர் என்பதை விளம்பரப் பலகையிலிருந்து அறிய முடியாது, பதிவேட்டில் பார்த்துவிடலாம். நான் சென்ற நிபுணர் முதலில் கேட்டது என் மருத்துவரின் கடிதத்தைத்தான். அதில் எந்த ஜோடி அணிகிறேன், எந்தெந்தப் பற்களில் அட்டாச்மென்ட் உள்ளது என்ற விவரங்கள் இருந்தன. மெல்பர்ன் மருத்துவரும் மின்னஞ்சலில் சம்மதம் தெரிவித்தபின், அப்போது அணிந்திருந்த அலைனரையே அச்சாக வைத்து, அதன் குழியில் பிசினை இட்டு, நீல ஒளியில் இறுகச் செய்து ஒட்டிவிட்டார். வேலை சுருக்கமாக முடிந்தது. இதற்கு மேல் எதையும் மாற்ற மாட்டேன் என்று அவர் முதலிலேயே வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கட்டணத்தை முழுவதும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். குடியுரிமை இருந்தாலும், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கை இதற்குப் பயன்படுத்த முடியாது. மருந்தகக் கட்டணத்துக்கு அரசு உதவித்தொகை தரும் சாஸ் அட்டையின் சலுகையும் பற்சீரமைப்புக்குக் கிடையாது. ரசீதில் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் பெற்று, உதவித்தொகையுடன் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குச் செல்லும் வழி உள்ளூரில் வசிப்பவர்களுக்கு ஏற்றது. விடுமுறைக்கு வந்தவருக்கு அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது.

மருத்துவரைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது, நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அலைனரை வாயில் வைத்திருப்பது. சாப்பாட்டுக்கும் பல் துலக்கவும் சேர்த்து மிஞ்சுவது இரண்டு முதல் நான்கு மணி நேரம்தான். அத்தை வீட்டில் பிரியாணி, அங்கிருந்து சித்தி வீட்டில் பலகாரம், இடையில் யாராவது வாங்கிவரும் தே தாரிக் என்று பண்டிகை நாள் போனால், அந்தக் கணக்கு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அலைனரோடு தேநீர் குடிப்பதும் வழியல்ல. சூட்டில் அது வளையும், சர்க்கரை உள்ளே தேங்கிப் பல்லைக் கெடுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே அமர்வில் சாப்பிட்டு முடித்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொன்னேன். அத்தை மட்டும், "பல்லைக் கழட்டி வைக்கிற வயசா இது?" என்று கேட்டுவிட்டு, மீதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

தேக்கா போன்ற உணவங்காடி நிலையங்களில் வேறொரு ஆபத்து உண்டு. 2021 முதல் சாப்பிட்ட தட்டையும் டிஷ்யூத் தாளையும் நாமே அகற்ற வேண்டும் என்ற விதி கண்டிப்பாக அமலில் இருப்பதால், டிஷ்யூவில் சுற்றி வைத்த அலைனர் குப்பையோடு போய்விடும். உடன் சாப்பிடுபவர் நல்லெண்ணத்தோடு நம் தட்டையும் சேர்த்து எடுத்துப் போவார். அலைனர் டப்பாவைப் பையிலேயே வைத்திருங்கள். ஒரு வசதி என்னவென்றால், குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்பதால், எந்தக் கைகழுவும் இடத்திலும் தயங்காமல் வாய் கொப்பளித்து அலைனரை அலசலாம். குளிர்ந்த நீர்தான், வெந்நீர் கூடாது.

அடுத்து அணிய வேண்டிய ஜோடிகளையும் முன்பு அணிந்து கழித்த ஜோடியையும் கைப்பையில் கொண்டுவருவது நல்லது. அணிந்திருப்பது தொலைந்தால் அடுத்ததற்குப் போவதா, பழையதற்குத் திரும்புவதா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எதைச் சொன்னாலும் அது கையில் இருக்க வேண்டும் அல்லவா?