மணல்மேட்டுக்கு எந்த ஆர்.சி. ட்ரக்: டூ வீல் ட்ரைவா, ஃபோர் வீல் ட்ரைவா?

மூன்று குளிர்காலமாக ஆர்.சி. ட்ரக், அதாவது ரிமோட்டில் ஓட்டுகிற சின்ன ட்ரக் ஒன்றை மணல்மேட்டில் ஓட்டி வருகிறேன். என்னுடையது டூ வீல் ட்ரைவ், மோட்டார் பின் சக்கரம் இரண்டை மட்டும் சுற்றும். ஒரே அறையில் தங்கியிருக்கும் சாத்தான்குளத்துத் தம்பியிடம் இருப்பது ஃபோர் வீல் ட்ரைவ், மோட்டார் நாலு சக்கரத்தையும் சுற்றும். இரண்டும் நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவுள்ள, ஷார்ட் கோர்ஸ் என்கிற பந்தய வகை ட்ரக்குகள். இரண்டிலும் பிரஷ்லெஸ் (உள்ளே உரசுகிற பிரஷ் இல்லாத) மோட்டார், 3எஸ், அதாவது மூன்று செல் லிப்போ பேட்டரி. ஓட்டுகிற இடமும் ஒன்றுதான்: துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில் அல் பதாயர் தாண்டி, சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத சிறு மேடுகள். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு. எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் டூ வீல் ட்ரைவ் என்றுதான் சொல்கிறேன். நான் அந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஃபோர் வீல் ட்ரைவ் விலை அதிகம், எடை அதிகம், மேட்டில் ஏறுகிற திறமும் அதிகம். டூ வீல் ட்ரைவ் இந்த மூன்றிலும் குறைவு. சமதளத்தில் இழுத்து விட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சரி, இனி மணலுக்கு வருவோம்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. காற்று வந்து மோதுகிற பக்கம் சாய்வு குறைவு, மணல் அமுங்கி இறுகிக் கிடக்கும். உச்சியைத் தாண்டி மணல் சரிந்து விழுகிற மறுபக்கம் கிட்டத்தட்ட 32, 34 டிகிரி செங்குத்து. அதற்கு மேல் காய்ந்த மணல் நிற்காது, தானாகச் சரிந்துவிடும். காற்றுப் பக்கத்தில் டூ வீல் ட்ரைவ் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். அதிலும் டிசம்பர், ஜனவரியில் விடிகாலைப் பனி இறங்கிய மணல் என்றால், ஏழரை மணி வரை களிமண் தரை மாதிரி பிடிப்புக் கொடுக்கும். சரிவுப் பக்கத்தில் கீழிருந்து மேலே ஏற்றுவதுதான் சோதனை. அங்கே தம்பியின் வண்டி நாலு சக்கரமும் தோண்டிக்கொண்டு ஏறும். என்னுடையது பாதியில் மூக்கைத் தூக்கி மல்லாந்துவிடும். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போய்த் திருப்பி வைக்க வேண்டும். ஏறுவதில் அது ஜெயிக்கிறது, இதில் மறுபேச்சு இல்லை.

ஆனாலும் டூ வீல் ட்ரைவை ஒழுங்காகத் தயார் செய்தால் மணலில் அது தரும் சுகமே வேறு. பின்னால் பேடில் டயர், அதாவது துடுப்பு மாதிரி குறுக்குப் பட்டைகள் வைத்தது. முன்னால் நடுவில் ஒரு வரி மட்டும் எழும்பிய ரிப் டயர். முன் டயர் மணலைக் கிழித்துத் திசை கொடுக்கும், பின் டயர் அள்ளித் தள்ளும். த்ராட்டிலை அழுத்தினால் பின்பக்கம் கடல்நுரை மாதிரி மணல் எழும்பி ஆளுயரத்துக்கு விசிறி விரிக்கும். காலை வெயில் அதில் பட்டால் கண்ணை எடுக்க முடியாது. திருப்பும்போது ஒரு நுணுக்கம் உண்டு. த்ராட்டிலை ஒரு நொடி விட வேண்டும். விட்டால் எடை முன்னால் வரும், ரிப் டயர் கடிக்கும், வண்டி திரும்பும். அழுத்திக்கொண்டே திருப்பினால் மூக்கு மிதந்துகொண்டு நேராகத்தான் போகும். ஃபோர் வீல் ட்ரைவில் இந்தத் தொல்லை இல்லை, அழுத்தியபடியே திருப்பலாம். எனக்கு அந்த ஒரு நொடிக் கணக்கைக் கையில் கொண்டுவருவதுதான் பிடித்திருக்கிறது.

கியர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது, மோட்டாரைக் காப்பாற்றுவது அதுதான். என் வண்டி பெட்டியில் வந்தபோது ஸ்பர் கியர் (பெரிய பல்சக்கரம்) 86 பல், பினியன் (மோட்டாரில் மாட்டுகிற சிறிய பல்சக்கரம்) 19 பல், கியர் பாக்ஸையும் சேர்த்து மொத்த விகிதம் 12.31, அதாவது மோட்டார் 12.31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பேடில் டயர் போட்டு மணலில் விட்டால் மோட்டாருக்குச் சுமை ஏகத்துக்கும் கூடும். பினியனை 16 பல்லுக்கு இறக்கினேன், விகிதம் 14.62 ஆயிற்று. ‘பினியனைக் குறைத்தால் வேகம் போய்விடுமே, பேடிலுக்குச் சுற்று வேகம் வேண்டுமே’ என்று கேட்கலாம். அங்கேதான் 3எஸ் கைகொடுக்கிறது. மோட்டார் 3500 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3500 சுற்று. 2எஸ் பேட்டரியின் 7.4 வோல்ட்டில் பழைய கியரோடு கணக்குப் போட்டால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,100 சுற்று. 3எஸ் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் சிறிய பினியனோடு சுமார் 2,650 சுற்று. வேகமும் கூடுகிறது, மோட்டாருக்குத் திணறலும் குறைகிறது. ஒரே சக்தியைக் கூடுதல் வோல்ட்டில் எடுக்கும்போது கரன்ட் குறைவாகப் போதும், சூடும் அந்த அளவுக்கு அடங்கும். இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பமானியை மோட்டாரில் காட்டிப் பார்ப்பேன். 80 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி, நிழலில் வைத்துவிட்டு ஒரு டீ. தம்பியின் வண்டிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் எடையும் நாலு பேடிலும் சேர்ந்து அவன் டீ குடிக்கிற இடைவேளை என்னுடையதைவிட அடிக்கடி வரும்.

இனி நான் டூ வீல் ட்ரைவ் பக்கம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம். ஓட்டி முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அது.

பாலைவன மணல் ஆற்று மணல் மாதிரி இல்லை. காற்றிலேயே உருண்டு தேய்ந்த பொடி மணல், உள்ளங்கையில் அள்ளினால் தண்ணீர் மாதிரி விரலிடுக்கில் ஒழுகிப் போகும். இது புகாத இடுக்கு வண்டியில் கிடையாது. புகுந்தது பேரிங்கிலும் கியரிலும் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்துவிடும். எந்த வண்டியாக இருந்தாலும் புகும். எவ்வளவு புகும், எங்கே புகும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

டூ வீல் ட்ரைவில் மணலை வாரி எறிவது பின் சக்கரம் மட்டும். எறிவதும் பின்பக்கமாக, வண்டியை விட்டு வெளியே. முன் ரிப் டயர் கிழிக்குமே தவிர வாரி எறியாது. ஃபோர் வீல் ட்ரைவில் முன் சக்கரத்துக்கும் பேடில் போட்டால், அது அள்ளுகிற மணல் எங்கே போகும்? பின்னால்தான். முன் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது சேசிஸ் தொட்டி, மோட்டார், ஃபேன், சக்கரத்தைத் திருப்புகிற சர்வோ, நடு ஷாஃப்ட். வண்டி தன் முன்காலால் தன் வயிற்றுக்குள்ளேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறது. ஒரு பேட்டரி ஓட்டி முடித்து தம்பியின் வண்டியில் பாடியைக் கழற்றினோம். சேசிஸில் தேங்கியிருந்த மணலை அங்கேயே ஒரு டீ கப்பில் கொட்டிப் பார்த்தோம், கப் நிறைந்து வழிந்தது. என் வண்டியில் கொட்டியபோது கால் கப்கூட இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். பால்கனியில் பழைய லுங்கியை விரித்து வண்டியைத் தலைகீழாக வைப்பேன். முதலில் பெயின்ட் அடிக்கிற இரண்டு இஞ்ச் பிரஷ். காற்றடிக்கிற வேலை அப்புறம்தான். எடுத்த எடுப்பில் காற்றை அடித்தால் வெளியே கிடக்கிற மணல் பேரிங்குக்குள் போய்விடும். அடுத்து டயர். ரிம்மில் காற்று போக ஓட்டைகள் இருக்கும், அது வழியாக மணல் உள்ளே போய் ஃபோமில் தங்கிவிடும். காதருகே வைத்து ஆட்டினால் சலசலவென்று கேட்கும். அப்படியே ஓட்டினால் சக்கரம் எடை ஏறித் தடதடவென ஆடும். இப்போது ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்புறம் பேரிங். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு, எல்லாம் 5×11×4 மில்லிமீட்டர். ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பேன். நல்ல பேரிங் சத்தம் போடாது. மணல் தின்ற பேரிங், சோற்றில் கல் கடித்தது மாதிரி ஒரு கரகரப்புக் கொடுக்கும், சுற்றுவதும் சட்டென்று நின்றுவிடும். இரும்பு மூடி போட்ட பேரிங்கைவிட ரப்பர் மூடி போட்டது மணலுக்கு இரண்டு மடங்கு தாங்குகிறது என்பது என் அனுபவம். கடைசியில் பின் கியர் பாக்ஸின் வெளிப்புறம், ஸ்பர் கியர் மூடி, ஷாக் தண்டு. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம்.

தம்பியின் வண்டியில் இதெல்லாம் உண்டு, இதற்கு மேலும் உண்டு. முன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற கியர் தொகுதி), நடு ஷாஃப்ட், முன்பக்கம் இரண்டு டிரைவ் ஷாஃப்ட், அவற்றின் முட்டிகள். முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுற்றவும் வேண்டும் என்பதால் அந்த முட்டிகள் திறந்த வாயோடு இருக்கின்றன, மணல் நேராக அங்கேதான் விழுகிறது. முன் டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டுமானால் பம்பர், ஷாக் டவர் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். அவன் வேலையில் நிதானமானவன், ஒரு திருகைக்கூடத் தொலைக்க மாட்டான். அப்படியும் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து எழுந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு நான் படுக்கப் போகிறேன், பால்கனியில் விளக்கு எரிகிறது.

“தம்பி, காலையில டூட்டி இல்லையா? போட்டுட்டுப் படு.”

“முன் டிஃப்ல இன்னும் கரகரங்குதுண்ணே. விட்டா அடுத்த தடவை பல்லைத் தின்னுரும்.”

அவன் சொன்னது சரிதான், விட்டால் தின்னும். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்த வண்டி பாகங்களாகவே கிடந்தது. போன நவம்பரிலிருந்து மார்ச் வரை நான் 14 தடவை மணலுக்குப் போனேன். அவன் வண்டி வந்தது 6 தடவை. மீதி நாளெல்லாம் அவனும் என் வண்டியைத்தான் மாற்றி மாற்றி ஓட்டினான். வாரம் ஒரு நாள் கிடைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய கணக்கு கிடையாது.

பராமரிப்பில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன், யாரும் செய்துவிடக் கூடாது. இதற்கு முன் வைத்திருந்த வண்டியில், ஷாஃப்ட் முட்டி காய்ந்து கிடக்கிறதே என்று கிரீஸ் தடவிக்கொண்டு போனேன். கிரீஸும் மணலும் சேர்ந்து சாணைக்கல் மாதிரி ஆகி, இரண்டே தடவையில் முட்டிக்குள் இருக்கிற சிறு கம்பி பாதியாகத் தேய்ந்துவிட்டது. மணலுக்குப் போகிற வண்டியில் வெளியே தெரிகிற எந்த மூட்டிலும் எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம், காய்ந்தபடியே இருக்கட்டும். அதே வண்டியில் பிரஷ் மோட்டார் இருந்தது. அது போன பிறகு பிரித்துப் பார்த்தால், உள்ளே காந்தத்தைச் சுற்றிக் கருப்பு மணல் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. மணலில் இருக்கிற இரும்புத் துகள் அது. மணலுக்கென்று வாங்கினால் டூ வீலோ ஃபோர் வீலோ, பிரஷ்லெஸ்ஸாகப் பாருங்கள்.

ஃபோர் வீல் ட்ரைவ் வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அபுதாபியின் லிவா பாலைவனப் பக்கம் போகிறவர்கள், தல் முரீப் மாதிரி 300 மீட்டர் உயர மேடுகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், சரிவுப் பக்கம் ஏற்றுவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்கள். அங்கே நான் வண்டி ஓட்டியதில்லை. ஆனால் எங்கள் சிறு மேடுகளிலேயே மல்லாந்துவிடுகிற என் வண்டி அங்கே என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சுத்தம் செய்ய நேரமும் இடமும் இருக்கிறவர்களுக்கும் அது நல்ல வண்டிதான். ஊருக்குப் போயிருந்தபோது என் வண்டியை வீட்டுக்குப் பின்னால் பனங்காட்டுச் செம்மணலில் ஒரே ஒரு நாள் ஓட்டினேன். குதிரைமொழித் தேரி (தேரி என்றால் செம்மணல் மேடு) காப்புக்காடு என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. செம்மணலில் பேடில் நன்றாகவே இழுத்தது. சிவப்புப் பொடி பேரிங் மூடியில் பூசிக்கொண்டு துடைக்கத் துடைக்க வந்தது. ஒரு நாள் அனுபவத்தை வைத்துத் தேரி மணலுக்கு இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன்.

எந்த வண்டியானாலும் ஆரஞ்சு நிறக் கொடி ஒன்றை நீளக் கம்பியில் கட்டுங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய ஜீப் எப்போது தலை நீட்டும் என்று சொல்ல முடியாது, நம் வண்டி முழங்கால் உயரம்கூட இல்லை. வண்டி உச்சியைத் தாண்டி மறைந்தால் ரிமோட் சிக்னலும் அறுந்துபோகலாம். அதனால் சிக்னல் போனால் தானாக நிற்கிற மாதிரி ஃபெயில்சேஃபை வீட்டிலேயே சரிபார்த்துவிட வேண்டும்.

தம்பி தன் வண்டியை விற்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு காலை, முன் பேடில்களைக் கழற்றிவிட்டு என் ரிப் டயரைப் போட்டு ஓட்டிப் பார்த்தான். சரிவுப் பக்கத்தில் முன்பு ஏறிய உயரத்தில் முக்கால்வாசிதான் ஏறியது. ஆனால் பாடியைக் கழற்றியபோது சேசிஸில் மணல் அரைக் கப்தான். ஒரு நாள் பார்த்ததுதான், அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நவம்பரில் அதே டயரோடு நாலைந்து தடவை போய்விட்டு முன் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்ப்பதாக இருக்கிறான். ரப்பர் மூடி பேரிங் இருவருக்கும் சேர்த்து இப்போதே வாங்கி வைத்துவிட்டோம்.