ஸ்பெக்ட்ரம் எமுலேட்டருடன் நான்கு ஆண்டுகள்: கணினி எளிது, கேசட்தான் பாடு

1986-இல் துபாயிலிருந்து வந்த மாமாவின் பெட்டியில், அத்தர் குப்பிகளுக்கும் டார்ச் லைட்டுகளுக்கும் நடுவே ஒரு கறுப்பு விசைப்பலகை இருந்தது. அதுதான் கணினி என்றதும் உம்மா நம்பவில்லை. "மற்றது எங்கே?" என்று பெட்டியைத் துழாவினார். மற்றது எதுவும் இல்லை. சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் அவ்வளவுதான்: 48 கிலோபைட் நினைவகம், 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 சில்லு. பார்ப்பதற்கு வீட்டு டிவி, சேமிப்பதற்குக் கேசட் ரெக்கார்டர். அந்த நாளில் கீழக்கரையில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினி பார்ப்போம். நான் கணினியைச் செருகினால் வீட்டில் அன்றைக்குச் சண்டைதான்.

எங்கள் ஊர் உப்புக்காற்று அதை வாழவிடவில்லை. விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் ஏடு காய்ந்து விரிசல் விட்டது. பின்பக்க இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியது. உயிரோடு மிஞ்சியவை ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகள் மட்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அந்த டின்னைத் திறந்ததில் தொடங்கியது இது.

அந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலுக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். வலுவான கணினி வேண்டுமோ என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 4 ஜிபி நினைவகம் கொண்ட என் பழைய மடிக்கணினி இதை மூச்சு வாங்காமல் ஓட்டுகிறது. லினக்ஸ் இயங்குதளம் போட்டு, ஃபியூஸ் என்ற இலவச எமுலேட்டரை நிறுவினேன். முதல் நாளே தடுக்கி விழுந்தேன். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் எமுலேட்டர் ஒரு பொதியாகவும் ரோம் இன்னொரு பொதியாகவும் வருகின்றன. ரோம் என்பது பேசிக் என்ற நிரல்மொழி குடியிருக்கும் 16 கிலோபைட் கோப்பு; அது இல்லாவிட்டால் எமுலேட்டர் வெறும் கூடு. சின்கிளேரின் கணினித் தொழிலை 1986-இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எமுலேட்டர்களோடு ரோமைப் பகிர அனுமதித்திருக்கிறது. விளையாட்டுகளுக்கு அந்த அனுமதி பொருந்தாது. அவற்றின் உரிமை அவரவருடையது.

அடுத்து விசைப்பலகை. ஸ்பெக்ட்ரமில் பேசிக் கட்டளைச் சொல்லை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. ஒரு விசைக்கு ஒரு முழுச் சொல். ஜே விசையைத் தட்டினால், கேசட்டிலிருந்து நிரலை ஏற்றும் 'லோடு' வந்து நிற்கும். மேற்கோள் குறிக்கு சிம்பல் ஷிஃப்டோடு பி. ஃபியூஸில் அந்த சிம்பல் ஷிஃப்டின் வேலையைக் கண்ட்ரோல் விசை செய்கிறது. ஆகவே ஜே, கண்ட்ரோல்-பி, மறுபடி கண்ட்ரோல்-பி, என்டர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் என் விரலுக்கு இது நினைவிருந்தது, மூளைக்குத்தான் இல்லை. மலிவான விசைப்பலகைகளில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று விழுங்கப்பட்டுவிடும் என்பதால், விளையாட மட்டும் ஒரு யுஎஸ்பி கேம்பேட் வாங்கிக்கொண்டேன். கைபேசியிலும் எமுலேட்டர்கள் உண்டு. தொடுதிரையில் பேசிக் அடிப்பதைவிட மீன் முள்ளை எண்ணலாம்.

உண்மையான பாடு கேசட்டில் இருக்கிறது. நிரல் நாடாவில் கீச்சொலியாகத்தான் பதிந்திருக்கும், அந்த ஒலியைப் பிடித்துக் கோப்பாக்க வேண்டும். முதலில் ஓடக்கூடிய ஒரு வாக்மேன் தேவைப்பட்டது. ராமநாதபுரத்தில் மிக்ஸி பழுது பார்க்கும் ஒருவர் பெல்ட் மாற்றிக் கொடுத்தார். என் மடிக்கணினியில் ஒலி உள்ளே போகத் தனித் துளை இல்லை. மைக் துளையுள்ள சின்ன யுஎஸ்பி ஒலி அட்டையைச் செருகினேன். வாக்மேன் ஒலியைப் பாதிக்குமேல் ஏற்றினால் மைக் துளை தாங்காமல் ஒலி சப்பையாகிவிடும். இரைச்சலைத் தானாக நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அதற்கு நம் நிரலே இரைச்சல்தான். 44,100 ஹெர்ட்ஸ், மோனோ, வேவ் கோப்பு. எம்பி3 வேண்டவே வேண்டாம்.

அப்படியும் முதல் ஆறு கேசட்டும் கோப்பாகவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. வாக்மேனில் நாடாவைப் படிக்கும் தலைக்குப் பக்கத்தில் கடுகளவு திருகு ஒன்று உண்டு. பதிந்த ரெக்கார்டரின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு இதையும் கொண்டுவர வேண்டும். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னத் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். மூக்கடைத்ததுபோல் இருந்த ஒலி ஓரிடத்தில் திடீரென்று கூர்மையாகி, பல் கூசியது. அதுதான் இடம். அதன்பிறகு ஃபியூஸுடன் தொடர்புடைய ஆடியோ2டேப் என்ற கருவி வேவ் கோப்பை வாங்கி, எமுலேட்டர் படிக்கும் டேப் (.tap) கோப்பாக மாற்றித் தந்தது. ஐந்து நிமிட ஒலி 26 எம்பி. அதிலிருந்து இறங்கிய நிரல் 48 கேபிகூட இல்லை. தமக்கென்று தனி ஏற்றும் முறையோடு வந்த விளையாட்டுகளுக்கு மட்டும் டிஇசட்எக்ஸ் (.tzx) என்ற கோப்பு வடிவம் வேண்டும்.

வாப்பாவின் சங்குக் கடைக்காக நான் எழுதிய கணக்கு நிரல் இப்படித்தான் கிடைத்தது. அளவுவாரியாக எண்ணிக்கையும் விலையும் கேட்டுப் பெருக்கிக் கூட்டும், அவ்வளவே. வாப்பா ஒருநாளும் அதை நம்பியதில்லை. வேவ் கோப்பின் கடைசியில், நிரல் முடிந்த இடத்தில், மாமாவின் குரல் பாதியில் தொடங்கியது: "…மச்சானுக்கு அனுப்பிய செருப்பு அளவு சரியாக இருக்கிறதா? பதில் போடுங்கள்." துபாயிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக அவர் பேசி அனுப்பிய கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறேன். முன்பகுதியில் அவர் என்ன பேசினாரோ, சங்குக் கணக்குக்கு அடியில் போய்விட்டது.

நாள்பட்ட பயன்பாட்டில் இரண்டு குறைகள் உறுத்துகின்றன. ஸ்பெக்ட்ரம் நொடிக்குச் சுமார் 50 முறை படம் வரையும். மடிக்கணினித் திரை 60 முறை. அதனால் நகரும் படம் லேசாக விக்கும். 50-க்கு மாற்றக்கூடிய வெளித்திரை வாங்கியபின் சரியானது. இன்னொன்று, என் குணம் கெட்டது. எஃப்2 விசை அந்தக் கணத்தை அப்படியே சேமிப்பதால், சாகும்போதெல்லாம் பின்னால் போய் ஆடுகிறேன். மின்வெட்டுக்கு நல்ல வசதி, விளையாட்டுக்குக் கேடு.

கேசட்டை நொடியில் ஏற்றும் வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன். நீலமும் மஞ்சளும் கோடுகோடாக ஓடும் திரை ஓரத்தையும் அந்தக் கீச்சொலியையும் பார்த்த தங்கை மகன், "மாமா, இது ஏன் கத்துகிறது?" என்றான். ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். ஒன்றரை நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

டின்னில் இருந்த 19 கேசட்டுகளில் 14 கோப்பாகிவிட்டன. இரண்டு அறுந்து போயின. மற்ற மூன்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம். வாடைக்காற்று ஓய்ந்து வெயில் காயும்வரை அவற்றை வாக்மேனில் போடுவதாக இல்லை. தலையைத் துடைக்க ஆல்கஹாலும் பஞ்சும் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.