ஆக்டேவியா ஆர்எஸ் எஞ்சினுக்கு எந்த ஆயில்? புதுச்சேரிச் சாலைகளில் மோட்டுல் 8100 எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40

ஸ்கோடா நிறுவனம் 2017ஆம் ஆண்டில் இந்தியாவுக்கென ஒதுக்கிய 500 ஆக்டேவியா ஆர்எஸ் கார்களுள் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. புதுச்சேரிப் பதிவெண் தாங்கிய உயர்வகைக் கார்கள் பலவும் சாலை வரி குறைவு என்பதற்காக இங்கே பதிவு செய்யப்பட்டு வேறு ஊர்களில் ஓடியவை என்பது ஊரறிந்த கதை. என்னுடையது அப்படியன்று. லாஸ்பேட்டையில் நிற்கிறது, நூறடிச் சாலை நெரிசலிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கடலூர் சாலையிலும்தான் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் மோட்டுல் 8100 எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40 எப்படி நடந்துகொண்டது, அதே விலைப் படியில் உள்ள பிற ஆயில்களோடு ஒப்பிட்டால் அது எங்கே நிற்கிறது என்பதே இந்த மதிப்புரை. நல்ல ஆயில், தயங்காமல் வாங்கலாம், ஆனால் ஒரு குறையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பது என் முடிவு. அந்தக் குறையைப் பின்னால் சொல்கிறேன்.

ஆயில் கேனின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பவற்றால் வாங்குபவருக்குப் பெரிய பயன் இல்லை. 'முழுச் செயற்கை' என்ற சொற்றொடரையே எடுத்துக்கொள்ளலாம். கச்சா எண்ணெயிலிருந்து பெறப்பட்டு ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட மூன்றாம் தொகுதி அடிப்படை எண்ணெயையும் செயற்கை எண்ணெய் என்று விற்கலாம் என்பது, அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களுக்கு இடையே எழுந்த விளம்பரப் பிணக்கில் 1999ஆம் ஆண்டு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவான பிறகு, உலகின் பெரும்பகுதியில் வழக்கமாகிவிட்டது. ஷெல் ஹெலிக்ஸ் அல்ட்ராவின் அடிப்படை எண்ணெய் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. மோட்டுலின் பந்தய ஆயிலில் எஸ்டர் என்ற, வேதிமுறையில் உருவாக்கிய எண்ணெய் இருக்கிறது. மூன்றுமே செயற்கை என்ற ஒரே பெயரில் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே கேனைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தச் சீட்டில் என் கண் முதலில் தேடுவது ஃபோக்ஸ்வாகன் 502 00 என்ற எண்ணை. ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் எஞ்சின் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 வரிசையைச் சேர்ந்தது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் கருவி, வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு, இரண்டு அழுத்த நிலைகளில் இயங்கும் ஆயில் பம்ப் ஆகிய மூன்றும் ஆயிலின் தன்மையை நம்பியே வேலை செய்கின்றன. குழுமத்தின் எஞ்சின் சோதனைகளில் தேறிய ஆயிலுக்கே இந்த எண்ணுக்கான ஒப்புதல் கிடைக்கும். 'ஒப்புதல் பெற்றது' என்று அச்சிட்டிருப்பதற்கும் '502 00 தேவைப்படும் கார்களுக்குப் பொருந்தும்' என்று அச்சிட்டிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னது விற்பவர் தாமே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். எக்ஸ்-செஸ் கேனில் ஃபோக்ஸ்வாகன் 502 00, மெர்சிடிஸ் 229.5, போர்ஷே ஏ40 ஆகியவற்றுக்கான ஒப்புதல்கள் வரிசையாக இருக்கின்றன. நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஓட்டுவதைப் போன்ற சுமையை எஞ்சின் மேடையில் ஏற்றிப் பார்ப்பதும் ஏ40 சோதனையில் அடங்கும் என்பதால், வேகக் கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசி வரி ஓர் ஆறுதல்.

இனி, நம் பக்கத்தில் எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் கேட்கும் வாதத்துக்கு வருவோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர், "நம்ம வெயிலுக்கு இருபது ஐம்பதுதான் சார் தாங்கும், இதெல்லாம் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். இருபது ஐம்பது என்று அவர் சொன்னது 20டபிள்யூ-50 ஆயிலை. அவர் கையின் நுட்பத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தக் கருத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின், வெளியே கொடைக்கானல் குளிரா புதுச்சேரியின் மே மாத வெயிலா என்று பெரிதாகக் கவலைப்படுவதில்லை. குளிர்நீரின் வெப்பநிலையை அது ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது. இந்தக் காரின் கருவித் திரையில் ஆயில் வெப்பநிலையைப் பார்க்கும் வசதி உண்டு. மரக்காணம் வரை சீராக ஓட்டினால், சித்திரையானாலும் மார்கழியானாலும், அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதைக் குறிப்பிடும்படி ஏற்றுவது வெயிலைவிட வலது காலே: தொடர்ந்து முந்துவது, முழு ஆக்சிலரேட்டரில் வெகுநேரம் ஓட்டுவது, பந்தயத் தடம். மேலும், 30 டிகிரியில் நிற்கும் காரில் 5டபிள்யூ-40 ஆயில் தண்ணீராக இருப்பதில்லை; ஓடிச் சூடான எஞ்சினில் இருப்பதைப்போலப் பல மடங்கு கெட்டியாகவே இருக்கிறது. 20டபிள்யூ-50 அதைவிடவும் கெட்டி. காலையில் எஞ்சினை இயக்கிய முதல் சில நொடிகளில், டர்போவின் தண்டுக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் ஆயில் போய்ச் சேர வேண்டிய நேரத்தில், அந்தக் கூடுதல் கெட்டித்தன்மை உதவியாக இருப்பதில்லை.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்காலப் பாய்வைச் சொல்வது; பின்னால் உள்ள எண் சூடான எஞ்சினில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் எஞ்சினைச் சுழற்ற முடிகிறதா என்ற சோதனையில் தேறியது என்று பொருள். புதுச்சேரியில் அந்தச் சோதனைக்கு வேலையே இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் 5டபிள்யூவுக்கும் 40க்கும் இடையே உள்ள அகலத்தைத் தாங்குவதற்கு நல்ல அடிப்படை எண்ணெய் தேவைப்படுகிறது. அதன் பயன் குளிரில்லாத ஊரிலும் நமக்கு வந்து சேர்கிறது.

வேக எஞ்சினுக்கு இதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. அது முன்பக்கத்தில் இடம்பெறுவதே இல்லை. ஆயிலை 150 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையே அது நசுங்கி இழுபடும் வேகத்துக்கு உட்படுத்தி, அந்த நிலையில் அதன் பாகுத்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது. எச்டிஎச்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆயில்களைக் கெட்டித்தன்மைப்படி வகைப்படுத்தும் எஸ்ஏஇ தரவரிசையில் 20 வகை ஆயிலுக்கு இது 2.6 மில்லிபாஸ்கல்-நொடிக்குக் குறையக்கூடாது, 30க்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏவின் ஏ3/பி4 தரமும் 502 00 ஒப்புதலும் 3.5க்குக் கீழே இறங்க விடுவதில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ தண்டையும், குறைந்த வேகத்திலேயே முழு முறுக்குவிசையைத் தாங்கும் கிராங்க் பேரிங்கையும் காப்பது இந்த எண்தான். வெளியூர்க் கடைகளில் சிலர் மைலேஜ் கூடும் என்று சொல்லி இந்த எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஓட்டத்தில் நான் கண்டவை சிலவே. பழைய ஆயிலை வடித்து எக்ஸ்-செஸ் ஊற்றிய பிறகு, காலையில் எஞ்சினை இயக்கியதும் எழும் செயின் பக்கத்துச் சலசலப்பு முன்பைவிட விரைவாக அடங்குகிறது. இதில் புது ஆயில் என்பதன் பங்கு எவ்வளவு, மோட்டுலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது. எந்த நல்ல ஆயிலும் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் இனிமையாகத்தான் இருக்கும். ஆயிலின் தகுதி தெரிவது அதற்குப் பிறகு. சனிக்கிழமை மாலையில் சுற்றுலாக் கூட்டத்தோடு கோட்டக்குப்பத்திலிருந்து நகர்ந்து ஊருக்குள் வரும்போதும், அரியாங்குப்பம் நெரிசலில் ஏசியோடு நிற்கும்போதும், ஐடிலில் எஞ்சின் ஒலி தடிக்கவில்லை. டிப்ஸ்டிக்கில் மட்டம் மெதுவாகவே இறங்குகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் குறையலாம் என்று கார் கையேடே இடம் கொடுக்கிறது. என் காரில் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆயில் குறைவதைப் பற்றிப் பேசும்போது ஆவியாதலையும் சொல்ல வேண்டும். ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை விழுக்காடு ஆவியாகிறது என்று பார்ப்பது நோவாக் சோதனை. ஏ3/பி4 தரத்தில் 13 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐயின் தரம் 15 வரை விட்டுக்கொடுக்கிறது. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகளின் மேல் பெட்ரோல் படுவதில்லை என்பதால், கிராங்க் அறையிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து கரியாக இறுகுகிறது. கழுவ ஆள் இல்லை. வருடங்கள் கழித்து வால்வுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் செலவோடு ஒப்பிட்டால், ஆவியாதல் குறைந்த ஆயிலுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரிதல்ல.

இப்போது அந்தக் குறை. டர்போ பொருத்திய நேரடிப் பீய்ச்சு எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் அதிகச் சுமை கொடுக்கும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. கடுமையாக நேர்ந்தால் பிஸ்டனே உடையும். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகைக் கழுவுபொருள்கள் இதைத் தூண்டுகின்றன என்றும், அவற்றில் ஒரு பகுதியை மக்னீசியத்தால் மாற்றினால் தணிகிறது என்றும் தெரியவந்த பின், ஏபிஐ 2018இல் எஸ்என் பிளஸ் தரத்தையும் 2020இல் எஸ்பி தரத்தையும் கொண்டுவந்தது. எஸ்பியில் இதற்கான சோதனையோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் உண்டு. ஏ3/பி4 தரத்தில் இந்தச் சோதனை இல்லை. நான் வாங்கிய எக்ஸ்-செஸ் கேனில் ஏபிஐ எஸ்என் என்றே இருந்தது. ஷெல் ஹெலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-40 கேனில் 502 00 ஒப்புதலும் எஸ்பியும் சேர்ந்தே இருந்தன. மாற்றம் செய்யாத என் எஞ்சினுக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயமன்று. ஆனால் மென்பொருளை மாற்றி ஸ்டேஜ் 1 என்ற பெயரில் முறுக்குவிசையைக் கூட்டிக்கொண்டவர்கள் ஷெல்லை எடுப்பதே தகும் என்பேன். எந்த ஆயிலானாலும், டிஎஸ்ஜி எனும் தானியங்கி கியர்பாக்ஸ் ஆறாவது கியரில் சோம்பிக் கிடக்கும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்காமல், ஸ்போர்ட் எனும் எஸ் நிலைக்கு மாற்றிவிட்டு முந்துவது நல்லது.

மோட்டுல் 300வி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 1971இல் அறிமுகமானபோது, பந்தயங்களில் பெற்ற 300 வெற்றிகளின் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அது போட்டிக்கான ஆயில். கார் நிறுவனங்களின் ஒப்புதலை நாடிச் செய்யப்பட்டதன்று. நண்பர் ஒருவர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் காரில் அதையே ஊற்றுகிறார். நீண்ட இடைவெளிக்கு அதை எஞ்சினில் வைத்திருப்பதில்லை. அவருக்கு அது சரி. வார நாளெல்லாம் நேரு வீதிக்கும் லாஸ்பேட்டைக்கும் இடையே போய்வரும் காருக்கு அதை ஊற்றுவது பணத்தை வடித்துவிடுவதுதான்.

புதுச்சேரியின் உண்மையான தொல்லை குறுந்தூர ஓட்டம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் குளிர்நீர் சூடாகிவிடும், ஆயில் சூடாகாது. எரியாத பெட்ரோல் சிறிது சிறிதாக ஆயிலில் கலந்து, சேரும் ஈரமும் ஆவியாகாமல், ஆயிலின் பாகுத்தன்மை இறங்குகிறது. 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்ற நிறுவனத்தின் இடைவெளியை நான் பின்பற்றுவதில்லை. அதன் பாதியில் மாற்றிவிடுகிறேன். நடுவில் வாரம் ஒரு முறையாவது கடலூர் வரை நிற்காமல் ஓட்டினால், கன்னிகோயில் தாண்டும்போது ஆயில் சூடாகிவிடுகிறது.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, காமராஜர் சாலைப் பக்கம் அங்கீகார விற்பனையாளர் ஒருவரிடம் பில்லோடு வாங்கினேன். மூடியின் முத்திரை, கேனில் அச்சிட்ட தொகுதி எண், உற்பத்தி மாதம் ஆகிய மூன்றையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. சாதாரண ஆயிலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. எஞ்சினுக்கு 5.7 லிட்டர் வேண்டும் என்பதால் பெரிய கேன் ஒன்றோடு ஒரு லிட்டர் புட்டிகளும் சேர்த்து வாங்க நேர்கிறது. மிஞ்சுவதை டிக்கியில் வைத்துக்கொண்டால் மட்டம் குறையும்போது ஊற்ற உதவும். ஆயில் ஃபில்டரையும் வடிகால் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காலிக் கேன்களைக் கேட்டு வாங்கித் துளையிட்டுவிடுங்கள், அவற்றில் வேறு எதுவும் நிரம்பித் திரும்பக் கடைக்கு வராமல் இருக்கும்.

இந்த ஆயிலை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கையேட்டில் ஃபோக்ஸ்வாகன் 508 00 என்று குறித்திருந்தால், அந்த எஞ்சின் பச்சை நிறச் சாயமிட்ட 0டபிள்யூ-20 ஆயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அங்கே எக்ஸ்-செஸ்ஸுக்கு இடமில்லை. அதேபோல, அந்தப் பச்சை ஆயில் எவ்வளவு புதியதாகவும் விலை கூடியதாகவும் இருந்தாலும் 502 00 கேட்கும் பழைய எஞ்சினுக்கு ஆகாது. வாரன்டி முடியாத காரென்றால், ஒப்புதல் எண் பொருந்தும் ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு போனாலும், சர்வீஸ் சென்டரின் பில்லில் அதன் பெயரும் தரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே காரை வெளியே எடுங்கள்.